முகம் வேண்டும், முகவரி வேண்டாமா?

1966 மார்ச் மாத பிரிட்டிஷ் வோக் அட்டைப்படத்தைத் தேடிப் பாருங்கள். டேவிட் பெய்லி எடுத்தது. படத்தில் இருக்கும் பெண் கையை முகத்துக்குக் குறுக்கே பிடித்து, விரித்த இரண்டு விரல்களின் நடுவே ஒரு கண்ணால் நம்மைப் பார்க்கிறார். மூக்கும் உதடும் பெரும்பாலும் கைக்குள் மறைந்துவிட்டன. அவர் பெயர் டோன்யேல் லூனா. அந்த இதழின் அட்டையில் வந்த முதல் கறுப்பினப் பெண். அட்டைக்கு வந்துவிட்டார். ஆனால் எந்த இனத்துப் பெண் என்று சட்டென்று சொல்லிவிடக்கூடிய பகுதிகள் மட்டும் மறைவிலேயே இருந்தன.

2023-ல் எச்பிஓ வெளியிட்ட 'டோன்யேல் லூனா: சூப்பர்மாடல்' ஆவணப்படத்தைப் பார்த்ததிலிருந்து இந்த விஷயம் என்னை விடவில்லை. கலப்பு வம்சாவளியில் வந்த மாடல்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன். எனக்கு இதில் சொந்த அக்கறையும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன். படிக்கப் படிக்க ஒன்று தெளிவானது. இரண்டு மூன்று இனங்கள் சேர்ந்த முகத்தை ஃபேஷன் தொழில் ஆசையாகத் தேடுகிறது. அந்த முகத்தைக் கொடுத்த அம்மா அப்பாவும், அவர்கள் ஊரும், அவர்கள் பட்டதும் அதற்குத் தேவையில்லை. இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் இதைச் சொல்லச் சிலருடைய வாழ்க்கையைச் சொல்லியாக வேண்டும்.

முதலில் லூனா. இயற்பெயர் பெக்கி ஆன் ஃப்ரீமன். 1945-ல் டெட்ராய்ட்டில் பிறந்தார். அம்மா, அப்பா இருவரும் கறுப்பினத்தவர். 1965 ஜனவரியில் ஹார்ப்பர்ஸ் பஜார் இதழின் அட்டைக்கு அவரை வைத்து ஓர் ஓவியம் போட்டார்கள். புகைப்படம் போடவில்லை. அந்த ஓவியத்தை வைத்து அவர் நிறத்தைத் தீர்மானமாகச் சொல்லிவிட முடியாது. அதே ஆண்டு ரிச்சர்ட் அவெடன் எடுத்த புகைப்படங்கள் இதழின் உள்ளே வந்தபோது, அமெரிக்கத் தென் மாநிலங்களின் விளம்பரதாரர்கள் கோபப்பட்டார்கள். லூனா அந்த ஆண்டு இறுதியில் லண்டனுக்குக் கிளம்பிவிட்டார்.

பேட்டி எடுக்க வந்தவர்களிடம் தன் பூர்வீகத்தை அவர் விதவிதமாகச் சொன்னார். மெக்ஸிகோ என்றார், அயர்லாந்து என்றார். நீல நிறக் கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டார். எந்த ஊருக்கும் சேராத ஓர் உச்சரிப்பில் பேசினார். 1979-ல் ரோம் நகரில் 33 வயதில் இறந்துபோனார். சொந்த ஜனத்தை மறுத்தவர் என்று அவரைக் குறை சொன்னவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. டெட்ராய்ட்டின் கறுப்பினப் பெண் என்றால் வாசல் பாதிதான் திறக்கும், எங்கிருந்தோ வந்த கலப்பினப் பெண் என்றால் இன்னும் கொஞ்சம் திறக்கும் என்று அவருக்குக் காட்டியது யார்? அந்தப் பேரத்தை அவர் கண்டுபிடிக்கவில்லை. அவருக்கு முன்பே அது அங்கே இருந்தது.

சரி, உண்மையிலேயே கலப்பு வம்சாவளியில் பிறந்தவர்களுக்கு வழி சுலபமாக இருந்ததா என்றால், அதுவும் இல்லை. சீனா மச்சாடோ 1929-ல் ஷாங்காயில் பிறந்தவர். போர்ச்சுகீசிய ரத்தமும் சீன ரத்தமும் சேர்ந்த குடும்பம். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் அந்தக் குடும்பம் ஊரைவிட்டுத் தென் அமெரிக்காவுக்குப் போனது. பிறகு பாரிஸ் வந்து ஜிவான்ஷி நிறுவனத்தின் மாடலானார். 1958-ல் நியூயார்க் வந்ததும் அவெடன் அவரைப் படமெடுத்தார். ஹார்ப்பர்ஸ் பஜார் நிர்வாகம் அந்தப் படங்களை வெளியிட மறுத்தது. வெளியிடாவிட்டால் இதழைவிட்டே போய்விடுவேன் என்று அவெடன் நின்ற பிறகுதான் 1959 பிப்ரவரி இதழில் வந்தன. தன் பொருட்டு இப்படியொரு சண்டை நடந்தது என்பதே மச்சாடோவுக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரியும்.

இத்தனைக்கும் ஐரோப்பாவில் உச்சத்தில் இருந்த மாடல் அவர். மறுத்தவர்கள் அவர் அழகைக் குறை சொல்லவில்லை. தென் மாநிலங்களில் இதழ் விற்காது, விளம்பரம் போய்விடும் என்ற கணக்குதான் காரணம். இந்தத் தொழிலில் பல கதவுகளைப் பூட்டியதும் திறந்ததும் அந்தக் கணக்குதான் என்பதை இங்கேயே சொல்லிவைக்கிறேன். மச்சாடோ பிறகு அதே இதழில் ஃபேஷன் ஆசிரியராகச் சேர்ந்து வேலை பார்த்தார். 81 வயதில் மறுபடியும் ஒரு பெரிய மாடலிங் நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2016-ல் காலமானார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்னால் இன்னொருவர் இருக்கிறார். ஒஃபீலியா டெவோர். தென் கரோலினா மாநிலத்தில் 1922-ல் பிறந்தவர். குடும்பத்தில் கறுப்பினம், ஜெர்மானிய, பிரெஞ்சு, அமெரிக்கப் பூர்வகுடி வழிகள் எல்லாம் உண்டு. இளம் வயதில் நியூயார்க்கின் 'வோக் ஸ்கூல் ஆஃப் மாடலிங்' பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். வெளிர் நிறம் என்பதால் பள்ளிக்காரர்கள் அவரைக் கறுப்பினத்தவர் என்று நினைக்கவே இல்லை. இன்னொரு கறுப்பினப் பெண் சேர வந்து, அவளைத் திருப்பி அனுப்பியபோதுதான், தன்னை எப்படி உள்ளே விட்டார்கள் என்பதே டெவோருக்குப் புரிந்தது.

வாயை மூடிக்கொண்டு அப்படியே போயிருக்கலாம். அந்தக் காலத்து அமெரிக்காவில் வெளிர் நிறத்தோடு பிறந்த பலர் வெள்ளையராகவே வாழ்ந்து, அம்மா வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் செத்தும் போனார்கள். டெவோர் அதற்கு நேர்மாறாக ஒன்று செய்தார். 1946-ல் நண்பர்களோடு சேர்ந்து 'கிரேஸ் டெல் மார்கோ' என்ற மாடலிங் ஏஜென்சியைத் தொடங்கினார். கறுப்பின மாடல்களுக்காகவே நடத்திய முதல் ஏஜென்சிகளில் அதுவும் ஒன்று. நடிகைகள் டயான் கரோல், சிசிலி டைசன் போன்றவர்கள் அவர் கைக்குள் வளர்ந்தவர்கள்தான். கருத்த மேனிக்காகவே மற்ற இடங்களில் ஒதுக்கப்பட்ட ஹெலன் வில்லியம்ஸும் அந்த ஏஜென்சியின் மாடல். தனக்குத் தற்செயலாகத் திறந்த கதவை, திறக்காதவர்களுக்காக அவர் பிடித்துக்கொண்டு நின்றார். படித்ததிலேயே என் மனசுக்கு மிக நெருக்கமானவர் இவர்தான்.

பேட் கிளீவ்லாண்ட் இன்னொரு விதம். 1950-ல் பிறந்து ஹார்லெமில் வளர்ந்தவர். அம்மா லேடி பேர்ட் கிளீவ்லாண்ட் கறுப்பின ஓவியர், தனியாகவே மகளை வளர்த்தார். அப்பா வெள்ளையர், சாக்ஸபோன் வாசிப்பவர். எபனி இதழ் நடத்திய ஃபேஷன் பயணக் குழுவோடு தென் மாநிலங்களுக்குப் போனபோது இனவெறியை நேரிலேயே பார்த்தார். 1971-ல் பாரிஸுக்குப் போய்விட்டார். அமெரிக்க வோக் ஒரு கறுப்பினப் பெண்ணை அட்டையில் போடும்வரை திரும்பி வந்து வேலை செய்யமாட்டேன் என்று சொன்னார். 1974 ஆகஸ்டில் பெவர்லி ஜான்சன் அந்த அட்டையில் வந்தார். அதன் பிறகுதான் கிளீவ்லாண்ட் ஊர் திரும்பினார்.

அந்த அட்டையில் தான் வரவேண்டும் என்று அவர் கேட்கவில்லை, கவனித்தீர்களா? தன்னில் பாதியைத்தான் அங்கே ஏற்றுக்கொள்வார்கள் என்றால், மீதிப் பாதிக்கும் இடம் கிடைக்கும்வரை வெளியே நிற்பேன் என்றார். இடையில், 1973 நவம்பரில் வெர்சாய் அரண்மனையில் பிரெஞ்சு, அமெரிக்க வடிவமைப்பாளர்கள் மோதிய அந்தப் புகழ்பெற்ற நிகழ்ச்சியில், அமெரிக்க அணிக்கு ஜெயித்துக் கொடுத்ததே அவரும் மற்றக் கறுப்பின மாடல்களும் நடந்த நடைதான் என்று இன்றும் பேசுகிறார்கள்.

கலப்பு வம்சாவளி என்றால் ஏதோ அழகுக்காக ஆண்டவன் செய்த ஏற்பாடு மாதிரி பத்திரிகைகள் எழுதும். அதற்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் கப்பலும் தோட்டமும் போரும்தான். நவோமி கேம்ப்பெலை எடுத்துக்கொள்ளுங்கள். 1970-ல் லண்டனில் பிறந்தவர், அம்மா ஜமைக்காவில் பிறந்த நடனக் கலைஞர். அப்பா வழியில் சீன ஜமைக்க வம்சம் உண்டு. ஜமைக்காவுக்குச் சீனர்கள் எப்படி வந்தார்கள்? அடிமைமுறை 1830-களில் ஒழிந்ததும் கரும்புத் தோட்ட முதலாளிகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1845-லிருந்து இந்தியர்களையும், 1854-லிருந்து சீனர்களையும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவந்தார்கள். இதே காலத்தில்தான் புதுச்சேரி, காரைக்கால் வழியாக நம் தமிழ் ஜனங்களையும் மார்ட்டினிக், குவாதலூப் தீவுகளுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். கரீபியனில் ஒரு முகத்தைப் பார்த்து 'என்ன அழகான கலவை' என்று சொல்கிறவர்களுக்கு, அந்தக் கலவையில் எத்தனை பேரின் வியர்வை இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும்.

நவோமி 1988 ஆகஸ்டில் பிரெஞ்சு வோக் அட்டைக்கு வந்த முதல் கறுப்பின மாடல். இதழ் முதலில் தயங்கியது. விளம்பரத்தை நிறுத்திவிடுவேன் என்று வடிவமைப்பாளர் ஈவ் சாங் லோரான் சொன்ன பிறகுதான் அது நடந்தது என்று நவோமியே சொல்லியிருக்கிறார். மறுபடியும் அதே விளம்பரக் கணக்கு, இந்த முறை நல்ல பக்கம் சாய்ந்தது.

தொண்ணூறுகளில் காற்று மாறியது. 1993-ல் டைம் இதழ் 'அமெரிக்காவின் புதிய முகம்' என்று ஒரு சிறப்பிதழ் போட்டது. அட்டையில் இருந்த பெண் உயிரோடு இருப்பவர் கிடையாது. பல இனத்தவரின் முகங்களைக் கம்ப்யூட்டரில் சேர்த்துச் செய்தது. ஆங்கிலோ-சாக்ஸன் 15 சதவீதம், மத்தியக் கிழக்கு 17.5, ஆப்பிரிக்கா 17.5, ஆசியா 7.5, தென் ஐரோப்பா 35, ஹிஸ்பானிக் 7.5. இப்படிக் கணக்கே கொடுத்திருந்தார்கள். பிறக்காத பெண், பெற்றவர்கள் இல்லாத பெண். தொழில் எதைத் தேடிக்கொண்டிருந்ததோ அதை அந்த அட்டை அப்படியே காட்டிவிட்டது. 2003 இறுதியில் நியூயார்க் டைம்ஸ், எந்த இனம் என்று பிடிபடாத முகங்களுக்குத்தான் இனி விளம்பரச் சந்தையில் கிராக்கி என்று ஒரு கட்டுரை வெளியிட்டது. கறுப்பர், லத்தீனியர், ஆசியர் என எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே முகத்தைக் காட்டி விற்றுவிடலாம் என்றால் நிறுவனங்களுக்கு லாபம்தானே!

இப்போது என் சொந்த அக்கறையைச் சொல்கிறேன். என் அக்கா திருச்சியில் பிறந்து வளர்ந்து லண்டனுக்கு வேலைக்குப் போனவள். அத்தானின் பெற்றோர் ஜமைக்காவிலிருந்து வந்து அங்கே குடியேறியவர்கள். அவர்கள் மகள் கல்லூரியில் படித்துக்கொண்டே மாடலிங் வாய்ப்புத் தேடினாள். ஒரு காஸ்டிங்கில் அவளிடம் சொன்னார்களாம்: "பூர்வீகம் என்ற இடத்தில் எதுவும் எழுதாதே. பிரேசில், மொராக்கோ, இந்தியா, எதற்கு வேண்டுமானாலும் உன்னை அனுப்பலாம்." அன்று ராத்திரி எனக்கு ஃபோன் செய்தாள். "சித்தி, நான் யார் மாதிரி இருக்கேன்னு எல்லாரும் கேக்கறாங்க. யார் வீட்டுப் பொண்ணுன்னு ஒருத்தர்கூடக் கேக்கலை" என்றாள்.

யார் வீட்டுப் பெண் என்று கேட்பதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் நம் வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். கலர் பரவாயில்லை என்றார் ஒரு பெரியம்மா. முடியை மட்டும் ஸ்ட்ரெய்ட்டன் பண்ணிவிட்டால் லட்சணமாக இருப்பாள் என்றார் இன்னொருவர். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, அவள்மேல் பிரியம் உள்ளவர்கள்தான். ஆனால் அந்தக் காஸ்டிங் ஆளும் இந்தப் பெரியம்மாவும் ஒரே வேலையைத்தான் செய்தார்கள். பிள்ளையைப் பிரித்துப் போட்டு, தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, அவள் அப்பா கொடுத்ததைத் தள்ளிவைத்தார்கள்.

இது லண்டன், நியூயார்க் கதை மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜப்பானில் ஃபேஷன் இதழ்களைப் புரட்டினால் பாதி ஜப்பானிய, பாதி வெள்ளை முகங்கள் நிறைய இருக்கும். அந்த மாதிரித் தோற்றம் வருவதற்கென்றே மேக்கப் முறைகளைச் சொல்லித்தருகிறார்கள். அதே நாட்டில் அரியானா மியாமோட்டோ 2015-ல் மிஸ் யூனிவர்ஸ் ஜப்பான் பட்டம் வாங்கினார். சாசெபோ கடற்படைத் தளம் இருக்கும் ஊரில் பிறந்தவர். அம்மா ஜப்பானியர், அப்பா கறுப்பின அமெரிக்கர். பட்டம் கிடைத்ததும், இவர் போதுமான அளவு ஜப்பானியர் இல்லை என்று இணையத்தில் வசை கிளம்பியது. தன்னைப் போலவே கலப்பு வம்சாவளியில் பிறந்த நண்பர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டதுதான் தன்னைப் போட்டிக்கு வர வைத்தது என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த ஆண்டு மிஸ் வேர்ல்ட் ஜப்பான் பட்டம் வாங்கிய பிரியங்கா யோஷிகாவாவின் அப்பா வங்காளி. அவருக்கும் அதே வசை கிடைத்தது.

பக்கத்தில் தென் கொரியா. ஹான் ஹியூன்-மின் 2001-ல் பிறந்தவர், அப்பா நைஜீரியர், அம்மா கொரியர். சின்ன வயதில் மற்றப் பிள்ளைகளை அவனோடு விளையாட வேண்டாம் என்று அவர்கள் அம்மாமார் இழுத்துக்கொண்டு போவார்களாம். 2016-ல் சியோல் ஃபேஷன் வீக்கில் நடந்தார். அடுத்த ஆண்டே செல்வாக்குள்ள பதின்வயதினர் என்று டைம் இதழ் போட்ட பட்டியலில் இடம்பிடித்தார். அவர் கொரியாவிலேயே பிறந்து, கொரிய மொழியிலேயே வளர்ந்தவர். இருந்தும் பார்க்கிறவர்கள் அவரிடம் ஆங்கிலத்தில் பேச ஆரம்பிப்பார்கள்.

இந்த இடத்தில் கசப்பான விஷயம் ஒன்றையும் பேசித்தான் ஆக வேண்டும். ஜப்பானில் வெள்ளைக் கலப்பு முகத்துக்கு அட்டைப்படம், கறுப்புக் கலப்பு முகத்துக்கு வசை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கறுப்பினப் பெண்ணை எடுத்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ள, வெளிர் நிறக் கலப்பின மாடல் ஒருவரைக் கொண்டுவந்து நிறுத்தி, கணக்கை முடித்துவிடும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. கருத்த மாடல்கள் இதைப் பற்றி வெளிப்படையாகப் பேசியிருக்கிறார்கள். மேடைக்குப் பின்னால் தங்கள் நிறத்துக்கு ஃபவுண்டேஷன்கூட இருக்காது, தாங்களே வாங்கிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று சொன்னவர்கள் பலர். சோமாலியாவில் பிறந்த மாடல் இமான் 1994-ல் சொந்தமாக மேக்கப் நிறுவனம் தொடங்கியதே இந்தக் குறையால்தான். ஒரு பெரிய பிராண்டு 40 நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்து சந்தையையே திரும்பிப் பார்க்க வைத்தது 2017-ல், ரிஹானாவின் ஃபென்ட்டி பியூட்டி வந்தபோது. ஆகவே கலப்பு வம்சாவளி மாடலுக்குக் கிடைக்கும் இடம் சில சமயம் இன்னொருத்தியிடமிருந்து பறித்துக் கொடுத்த இடம். அதற்கு அந்த மாடல் பொறுப்பில்லை. ஆனால் அவருக்கு அது தெரிந்திருந்தால், டெவோர் செய்தது போல ஏதாவது செய்ய முடியும்.

அப்படி ஏதாவது செய்தவர் ஒருவர் வந்தார் என்பதால்தான் 2017 டிசம்பர் பிரிட்டிஷ் வோக் அட்டை எனக்குப் பிடித்தது. கானாவில் பிறந்த எட்வர்ட் எனின்ஃபுல் ஆசிரியராக வந்து கொண்டுவந்த முதல் இதழ். அட்டையில் அட்வோவா அபோவா. அப்பா கானாவைச் சேர்ந்தவர், அம்மா ஆங்கிலேயர். முகத்தில் உள்ள புள்ளிகளை மறைக்காமல், தலைப்பாகை கட்டியிருக்கிறார். அட்வோவா என்பது கானாவின் அகான் மக்கள் பெண் குழந்தைக்கு வைக்கும் பெயர். அதை மாற்றிக்கொள்ளாமலே அவர் அட்டைக்கு வந்தார். தன் மனநோயைப் பற்றியும் போதைப் பழக்கத்திலிருந்து மீண்டதைப் பற்றியும் பேசி, இளம்பெண்கள் பேசுவதற்கென்று 'கர்ல்ஸ் டாக்' என்ற அமைப்பையும் தொடங்கியவர். முகமும் கதையும் சேர்ந்தே அட்டைக்கு வந்தன.

ஒருவருக்கு இரண்டு வம்சமும் சொந்தமாக இருக்கலாம் என்ற பாடத்தை அரசாங்கங்களே தாமதமாகத்தான் படித்தன. அமெரிக்காவில் இனம் கடந்த திருமணத்தைத் தடுத்த சட்டங்களை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 1967-ல். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட இனத்தைக் குறிக்கலாம் என்று விட்டது 2000-ல். அந்த முறை 68 லட்சம் பேர் அப்படிக் குறித்தார்கள். கேள்வி கேட்கும் முறையும் பதிலைக் கணக்கிடும் முறையும் மாறிய 2020-ல் அது 3 கோடியே 38 லட்சம் ஆனது. ஜப்பானிலோ இரட்டைக் குடியுரிமையோடு பிறக்கும் பிள்ளை 20 வயதுக்குள் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று இன்றும் சட்டம் சொல்கிறது. அம்மாவா அப்பாவா என்று ஒரு பிள்ளையிடம் கேட்பது விளையாட்டுக்குக்கூட நல்லதில்லை. சட்டமே கேட்டால் என்ன செய்வது?

என் அக்கா மகள் அந்தக் காஸ்டிங் படிவத்தில் பூர்வீகத்தை எழுதிவிட்டாள். அம்மா வழி தமிழ், திருச்சி. அப்பா வழி ஜமைக்கா, கிங்ஸ்டன். அந்த வாய்ப்பு வரவில்லை. வேறு சில வந்தன, சிறியவைதான். அவள் எழுதியது சரி என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் கிடையாது.

விளம்பரம் எடுப்பவர்களிடமும் இதழ் நடத்துபவர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. அந்த முகத்தை எடுத்துக்கொண்டால் அந்தப் பெயரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிர் நிறத்தவர் ஒருவரைக் காட்டிவிட்டு, கருத்தவர்களுக்கும் சேர்த்து இடம் கொடுத்துவிட்டோம் என்று சொல்லாதீர்கள்.

நம் சொந்தக்காரர்களிடம் கேட்பது இன்னும் முக்கியம். கனடாவிலும் லண்டனிலும் சிங்கப்பூரிலும், ஏன் சென்னையிலேயும், நம் குடும்பங்களில் இப்படிப் பிள்ளைகள் வளர்கிறார்கள். நிறத்தையும் முடியையும் வைத்து அவர்களை எடைபோடுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். தாத்தா பாட்டி நாலு பேருடைய பெயரையும் ஊரையும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். யார் எந்தக் கப்பலில், எந்த வேலைக்காக, எதைவிட்டு வந்தார்கள் என்பதைச் சொல்லுங்கள். நமக்குப் பழக்கமில்லாத அந்த இன்னொரு பக்கத்துக் கதையை, சம்பந்தியிடம் கேட்டாவது தெரிந்துகொண்டு சொல்லுங்கள். அந்த முகத்துக்கு விலை பேச யாராவது ஒருநாள் வருவார்கள். அன்றைக்கு அந்தப் பிள்ளை இரண்டு வீட்டுப் பெயரையும் தயங்காமல் சொல்ல வேண்டும். அதற்கான தைரியத்தைக் கொடுக்கும் கடமை நம்முடையது.